இடம்பெயரும் விவசாயத் தொழிலாளர்களின் உடல்நலம்: எதை முதலில் ஆராய்வது?

கேள்வி இதுதான்: பருவத்துக்குப் பருவம் ஊர் மாறி வேலை செய்யும் விவசாயத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய ஒரு சிறிய குழு கிளம்புகிறது. கையில் ஒரு பருவத்துக்கான பணம், நாலைந்து களப்பணியாளர்கள். எதை முதலில் எடுக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

சுருக்கமான பதில்: முதலில் ஆள் கணக்கு. அடுத்து வெயிலும் சிறுநீரகமும். அதற்கடுத்து பூச்சிமருந்து. பெண்களின் உடல்நலத்தைத் தனித் தலைப்பாக ஒதுக்கி வைக்காமல் இவை எல்லாவற்றுக்குள்ளும் சேர்க்க வேண்டும். மற்றவை எல்லாம் முக்கியம்தான், ஆனால் ஒரு பருவத்துப் பணத்தில் அடங்காது. ஏன் இந்த வரிசை, எங்கே சறுக்கும் என்பதுதான் நீளமான பதில்.

முன்னுரிமை என்ற பெயரில் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல்தான் வெளியாகும். காசநோய், சர்க்கரை, முதுகுவலி, மனச்சோர்வு, பல், கண், தோல், குழந்தைகளின் எடை என்று முப்பது தலைப்பு வரும். முப்பதும் உண்மை. ஆனால் முப்பதும் முன்னுரிமை என்றால் எதுவுமே முன்னுரிமை இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தலைப்பையும் மூன்று கேள்விகளால் சலித்துப் பாருங்கள். ஆட்கள் அங்கே இருக்கும் நாலைந்து மாதத்துக்குள் இதை அளக்க முடியுமா? அளந்து கண்டுபிடித்ததை அடுத்த பருவத்தில் யாராவது மாற்ற முடியுமா? அந்த யாராவது யார்: பண்ணை முதலாளியா, மேஸ்திரியா, ஆலையா, அரசா? புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்துக்கும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் உள்ள தொடர்பு தீவிரமான கேள்விதான். ஆனால் நோய் வெளியே தெரிய பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த ஆள் எத்தனை ஊர், எத்தனை பயிர் மாறியிருப்பார்! வேலை வரலாற்றோடு இணைந்த புற்றுநோய்ப் பதிவேடு இல்லாமல் அதில் இறங்கினால் பணம் போகும், பதில் வராது.

இனி ஆள் கணக்கு. நூறு பேருக்கு எத்தனை பேர் நோயாளி என்று சொல்ல வேண்டுமானால் அந்த நூறு யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். அமெரிக்காவின் தொழிலாளர் துறை 1989 முதல் தேசிய விவசாயத் தொழிலாளர் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. பெரிய வேலை, நல்ல வேலை. அதிலும் எச்-2ஏ என்ற தற்காலிக விசாவில் வருகிறவர்கள் சேர்க்கப்படுவதில்லை. அவ்வளவு பெரிய கணக்கெடுப்பிலேயே ஒரு கூட்டம் வெளியே நிற்கிறது என்றால் சின்ன ஆய்வில் எத்தனை பேர் விடுபடுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ முகாம் போட்டு, வருகிறவர்களைப் பரிசோதித்து, "இத்தனை சதவீதம்" என்று எழுதுவது கணக்காகாது. முகாமுக்கு வந்தவர் அன்று வேலைக்குப் போகாதவர், அல்லது அனுமதி கிடைத்தவர். மாறாக, அந்தப் பகுதியில் இறங்கியிருக்கும் குழுக்களின் பட்டியலை முதல் வாரத்திலேயே எழுதுங்கள். மேஸ்திரி சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பாமல், இரவில் தங்கும் கொட்டகைக்குப் போய் தலை எண்ணுங்கள். கணவன் மனைவியை ஒரே கூலியாகக் கணக்கெழுதும் இடங்களில் பெண்ணின் பெயர் பட்டியலிலேயே இருக்காது. அந்தப் பட்டியலிலிருந்து குழுக்களைக் குலுக்கல் முறையில் எடுங்கள். பட்டியலே போட முடியாத அளவுக்குச் சிதறிக் கிடந்தால், ஒருவர் மூலம் அடுத்தவரைச் சேர்க்கும் சங்கிலி முறை இருக்கிறது. டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997-ல் வகுத்தது. அதில் யார் யாரை அழைத்துவந்தார், ஒவ்வொருவருக்கும் அங்கே எத்தனை பேரைத் தெரியும் என்ற இரண்டையும் குறிக்காவிட்டால், பலருக்குத் தெரிந்தவர்களே அதிகம் சிக்குவதைப் பின்னால் கணக்கில் சரிசெய்ய வழியே இல்லை.

அதைவிட முக்கியம் வாராந்தர வருகைப் பதிவு. யார் வந்தார், யார் போனார், எந்தத் தேதியில், ஏன். ஒரு குழுவில் 40 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வாரத்துக்குள் 9 பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். நீங்கள் பருவ முடிவில் போய் மீதி 31 பேரின் ரத்தத்தைப் பார்க்கிறீர்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது. உண்மையில் நீங்கள் பார்த்தது வெயிலைத் தாங்கியவர்களை மட்டும். தாங்காதவர் பஸ் ஏறிவிட்டார். தொழில்நல ஆய்வில் இதை 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்பார்கள். இடம்பெயர்கிறவர்களிடம் அது பல மடங்கு பெரிதாகும், ஏனென்றால் நோய் வந்தால் வேலையோடு தங்குமிடமும் போய்விடுகிறது. ஆகவே அந்த 9 பேருக்கும் போன் செய்து, ஏன் போனீர்கள் என்று கேட்பது ஆய்வின் ஓரத்து வேலை கிடையாது. பல நேரங்களில் பதிலே அந்த 9 பேரிடம்தான் இருக்கும்.

நோய்களில் வெயிலும் சிறுநீரகமும் முதலிடம் பிடிப்பதற்குக் காரணம், பாதிப்பும் பெரிது, பருவத்துக்குள் அளக்கவும் முடியும், மாற்றவும் முடியும். எல் சால்வடாரில் 2002-ல் மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள்: சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளம் ஆண்கள், பெரும்பாலும் வயல் வேலை செய்கிறவர்கள், சிறுநீரகம் செயலிழந்து வருகிறார்கள். பிறகு நிகரகுவா உள்ளிட்ட பக்கத்து நாடுகளின் கரும்புப் பகுதிகளிலும் இது தெரியவந்தது. இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. மூன்றும் ஒரே நோய்தானா, வெயில் மட்டும்தான் காரணமா, பூச்சிமருந்து, குடிநீர், கன உலோகங்களுக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் மத்திய அமெரிக்கக் கரும்பு வயல்களில் கடும் உடலுழைப்பும் வெப்பமும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துகின்றன என்பதற்கான சான்று வலுவானது. நிகரகுவாவில் ஓர் ஆலையில் ஓய்வு, நிழல், தண்ணீர் மூன்றையும் முறைப்படி கூட்டியபோது வெட்டுக்கூலிகளிடம் சிறுநீரகக் காயம் குறைந்தது. வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு அதுவே போதும்.

அளக்கும் விதம்தான் எல்லாம். சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் புரதம் பார்ப்பது மலிவு, ஆனால் இந்த நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்ப் பகுதியைத் தாக்குவது. ஆரம்பத்தில் புரதம் அதிகம் வெளியேறாது. பட்டை "ஒன்றுமில்லை" என்று காட்டும், நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்க்க வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை பார்த்தால் பயனில்லை. வந்து இறங்கிய முதல் இரண்டு நாளுக்குள் ஒன்று; பருவத்தின் உச்ச வெயிலில் ஒரே நாளில் வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு; கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒன்று. 48 மணி நேரத்துக்குள் 0.3 மி.கி./டெ.லி. கூடினாலோ, ஏழு நாளுக்குள் அடிப்படை அளவைவிட ஒன்றரை மடங்கானாலோ அது திடீர் சிறுநீரகக் காயம் என்ற வரையறைக்குள் வரும். கலிபோர்னியா வயல்களில் நடந்த ஓர் ஆய்வில் ஒரே ஷிஃப்டுக்குள் ஏறக்குறைய 12 சதவீதம் பேருக்கு அப்படிக் கூடியிருந்தது.

இதில் ஏமாற்றுகிற விஷயங்கள் பல. நாள் முழுக்க வெட்டியவரின் தசையிலிருந்தே கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாக வரும். மதியம் கறி சாப்பிட்டிருந்தால் இன்னும் ஏறும். உடலில் நீர் வற்றியிருந்தாலும் ஏறும், இரவு தண்ணீர் குடித்துத் தூங்கினால் இறங்கிவிடும். அதனால் மாலை அளவு மட்டும் கூடியிருந்தால் "சிறுநீரகம் கெட்டுவிட்டது" என்று எழுதாதீர்கள். மறுநாள் காலை வேலைக்கு முன் மறுபடி எடுங்கள். இறங்காதவர்தான் கவனிக்கப்பட வேண்டியவர். வசதியிருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான சிஸ்டாட்டின்-சி சேர்த்துப் பாருங்கள், அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததில்லை. ரத்தத்தை வயலோரத்தில் வெயிலில் வைத்தால் செல்கள் உடைந்து மாதிரி வீணாகும். உறைந்ததும் சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, குளிரில் உறைய வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லா மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில், ஒரே தொகுதியாக ஓட்டுவது நல்லது. கிரியேட்டினினை அளக்க இரண்டு முறை உண்டு; பழைய ஜாஃபே முறையில் ஒன்றும் என்சைம் முறையில் இன்னொன்றும் பார்த்தால், நீங்கள் தேடும் 0.3 வித்தியாசத்தில் பெரும்பங்கை முறை வித்தியாசமே தின்றுவிடும். ஆனால் ஆபத்தான அளவு இருப்பவரைக் கண்டுபிடிக்க ஒரு துளி ரத்தத்தில் அன்றே பார்க்கும் கருவியும் வேண்டும். தொகுதி முடியும்வரை அவர் காத்திருக்க முடியாது.

வலி மாத்திரையைக் கேட்காமல் விடாதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்றவை, நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். "மாத்திரை போடுவீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "இடுப்பு வலிச்சா என்ன போடுவீங்க, அட்டையைக் காட்டுங்க" என்றால் சட்டைப் பையிலிருந்தோ சேலை முடிச்சிலிருந்தோ பாதி தீர்ந்த அட்டை வெளியே வரும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தை வானிலை நிலையத்து எண்ணைக் கொண்டு அளக்காதீர்கள். அது நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் எடுத்தது. உங்களுக்கு வேண்டியது டபிள்யூபிஜிடி என்ற கூட்டு அளவு: ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) வெப்பநிலையில் 0.7 பங்கு, கறுப்பு உருண்டை (வெயிலின் சூட்டை வாங்கும் கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி) வெப்பநிலையில் 0.2 பங்கு, சாதாரண காற்று வெப்பநிலையில் 0.1 பங்கு. காற்று 35 டிகிரி, உருண்டை 45, ஈரக்குமிழ் 26 என்றால் கணக்கு 30.7 வரும். வெயிலுக்குப் பழகிய உடலின் கடும் வேலைக்கு ஐஎஸ்ஓ 7243 என்ற சர்வதேசத் தரவிதி சொல்லும் வரம்பு 26, பழகாதவருக்கு 23. கருவியை வரப்பில் வைக்காமல், ஆட்கள் குனிந்து நிற்கும் வரிசைக்குள்ளேயே வையுங்கள். ஆளுயரக் கரும்புக்குள் காற்று நுழையாது. 15 செ.மீ. உருண்டை நிலைப்பட இருபது நிமிடமாவது ஆகும். வைத்தவுடன் படித்தால் குறைவாகக் காட்டும்.

உடல் பழகுவது தனி ஆராய்ச்சிக்குத் தகுந்த விஷயம். வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் வேண்டும். வெளிவேலையில் நேரும் வெப்பச் சாவுகளில் பாதி முதல் எழுபது சதவீதம் வரை முதல் சில நாள்களிலேயே நடக்கின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. புதியவருக்கு முதல் நாள் வெயில் வேலை 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 கூட்டுவது அங்கே பரிந்துரைக்கும் முறை. குளிர்ந்த ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை முழு வேலையில் நிற்கிறவருக்கு இது எட்டாத சொகுசு. எத்தனை குழுக்கள் முதல் வாரத்தில் வேலையைக் குறைக்கின்றன, ஏன் மற்றவை குறைப்பதில்லை என்று கணக்கெடுத்தாலே பயனுள்ள ஆய்வு.

"ஏன் குறைப்பதில்லை" என்று நோண்டினால் கூலி முறையில் போய் முட்டும். வெட்டிய டன்னுக்கு, பறித்த கிலோவுக்குக் கூலி என்றால், நிழலில் உட்காரும் ஒவ்வொரு பத்து நிமிடமும் தன் பையிலிருந்து போகிறது. மேலே சொன்ன கலிபோர்னியா ஆய்விலும் இப்படிப் பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீரகக் காயம் அதிகம். அந்த மாநிலம் 2005-லேயே வெளிவேலை வெப்ப விதி கொண்டுவந்தது. ஆளுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர், 26.7 டிகிரிக்கு மேல் நிழல் என்று இன்றைக்கு அதில் இருக்கிறது. விதி இருந்தும் ஓய்வு எடுக்காததற்குக் காரணம் அறியாமை என்று முடிவு கட்டி, விழிப்புணர்வுக் கையேடு அச்சிடுவதுதான் ஆய்வறிக்கைகளின் வழக்கமான கடைசிப் பக்கம். கையேட்டை விடுங்கள். ஓய்வு நேரத்துக்கும் கூலி கொடுத்தால் உற்பத்தி எவ்வளவு குறைகிறது, அல்லது குறையவே இல்லையா என்பதை இரண்டு வகைக் குழுக்களை வைத்து அளந்து பாருங்கள். முதலாளி கேட்கும் கேள்வி அதுதான்.

தண்ணீர் பற்றியும் "போதுமான அளவு குடிக்கிறீர்களா" என்று கேட்காமல், கேன் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, மதியம் அதில் தண்ணீர் மீதம் இருந்ததா, கழிப்பிடம் எத்தனை மீட்டர் என்று நடந்து அளந்து எழுதுங்கள். கழிப்பிடம் இல்லாத வயலில் பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். குடித்தது போதுமா என்று தெரிய வேலைக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்து, ஒரே உலர்ந்த உடையில் எடை பாருங்கள்: 60 கிலோ ஆள் 1.2 கிலோ இழந்தால் அது 2 சதவீதம், உடலுக்குச் சுமை. எதிர்ப்பக்கமும் உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாகும்.

பூச்சிமருந்துக்கு வருவோம். நம் மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது: வயலில் அடிப்பதும் 'மருந்து', வாயில் போடுவதும் 'மருந்து'. "மருந்து பயன்படுத்துகிறீர்களா" என்ற கேள்விக்கு வரும் பதிலில் இரண்டும் கலந்துவிடும். டப்பாவைக் காட்டச் சொல்லி, லேபிளில் உள்ள வேதிப்பெயரைப் பதியுங்கள். அடிக்கிறவரோடு நிறுத்தாமல், அடித்த மறுநாள் உள்ளே போய்ப் பறிக்கிறவர், அவர் துணியைத் துவைக்கிறவர் என்று எல்லோரையும் சேருங்கள்.

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகளுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்சைமைப் பார்க்கலாம்; நரம்பு வேலை செய்யத் தேவையான இதை அந்த விஷங்கள் முடக்கும். பைரித்ராய்டு, பாராகுவாட் போன்றவற்றை இந்தச் சோதனை காட்டாது. சோதனை சரியாக இருப்பதால் விஷம் படவில்லை என்று எழுதுவது தவறு. இன்னொன்று, ஆளுக்கு ஆள் இயல்பான அளவே வெகுவாக வேறுபடும். ஒருவருக்கு இயல்பு 10, அது 7-க்கு இறங்கினால் முப்பது சதவீத வீழ்ச்சி. ஆனால் ஆய்வகத் தாளில் 7-ம் 'நார்மல்' வரிசைக்குள் இருக்கும். கலிபோர்னிய விதிப்படி, அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்குக் கீழ் போனால் வேலைமுறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணு என்சைம் 70 சதவீதமாகவோ பிளாஸ்மா என்சைம் 60 சதவீதமாகவோ இறங்கினால் அந்த வேலையிலிருந்தே விலக்க வேண்டும். அந்த அடிப்படை அளவை இந்தப் பூச்சிமருந்துகள் படாமல் 30 நாள் இருந்த பிறகுதான் எடுக்க முடியும். இடம்பெயர்கிறவருக்கு அது எங்கே கிடைக்கும்? ஊரிலிருந்து கிளம்பும் முன் எடுப்பது ஒரு வழி. முடியாவிட்டால் தலைகீழாகச் செய்யுங்கள்: வேலை நேரத்தில் ஒன்று, வேலை முடிந்து ஊர் போய் ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒன்று. இரண்டாவது கணிசமாக ஏறியிருந்தால் முதலாவது இறங்கிக் கிடந்தது என்று பொருள்.

மயக்கம், வாந்தி, தலைவலி என்று வரும் ஒருவருக்கு வெப்பத் தாக்கமும் இருக்கலாம், பூச்சிமருந்தும் இருக்கலாம், புகையிலை வயலென்றால் ஈர இலையிலிருந்து தோல் வழியே ஏறிய நிகோட்டினும் இருக்கலாம். ஆர்கனோபாஸ்பேட்டில் கண்பாவை சுருங்கும், எச்சில் ஒழுகும். வெப்பத் தாக்கத்தில் உடல் கொதிக்கும், நினைவு தடுமாறும். காலைப் பனியில் நனைந்த சட்டையோடு புகையிலை பறித்திருந்தால் நிகோட்டினை முதலில் நினைக்க வேண்டும். பதிவேட்டில் 'மயக்கம்' என்று ஒரே கட்டம் வைத்தால் மூன்றும் ஒன்றாகிப் போகும்.

வயலோடு நிற்காத பாதிப்பும் உண்டு. கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் 1999-ல் தொடங்கி, சுமார் 600 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தில் ஆர்கனோபாஸ்பேட் அதிகம் பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு, குறைவாகப் பட்டவர்களோடு ஒப்பிட, ஏழு வயதில் ஐக்யூ சராசரியாக 7 புள்ளி குறைவு. இப்படி ஒரு விடை கிடைக்க ஏழெட்டு வருடம் ஒரே சமூகத்தோடு இருக்க வேண்டியிருந்தது. ஒரு பருவக் குழு இதை நகலெடுக்க ஆசைப்படக் கூடாது.

பெண்களை எல்லாத் தலைப்பிலும் சேர்ப்பது என்றால் என்ன என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் உதாரணம். 2019-ல் அரசு அமைத்த குழு, கரும்பு வெட்டும் 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள், ஏறக்குறைய 17 சதவீதம். நாடு முழுக்க 15-49 வயதுப் பெண்களில் அந்த அளவு 3 சதவீதம் போலத்தான். இதைப் பெண்நோய் ஆய்வாக மட்டும் பார்த்தால் கர்ப்பப்பையில் என்ன கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம். ஒருநாள் வராவிட்டால் பிடித்தம், கணவன்-மனைவி ஜோடிக்கு முன்பணம், குளிக்க மறைவில்லாத கொட்டகை, வெள்ளைப்படுதலுக்கே அறுவை சொல்லும் தனியார் மருத்துவமனை என்று வேலை அமைப்பைச் சேர்த்துப் பார்த்தால்தான் எண் புரியும்.

தள்ளிப்போடும் தலைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. காசநோயில் கண்டுபிடிப்பதைவிட ஆறு மாத சிகிச்சை ஊர் மாறும்போது அறுபடுவதுதான் பிரச்சினை; மருத்துவப் பதிவு ஆளோடு பயணிக்கிறதா என்று பார்த்தால் போதும். மனநலக் கேள்வித்தாளில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி இருந்தால், அன்றே அனுப்பிவைக்க ஒரு மருத்துவர் இல்லாமல் அதைக் கேட்காதீர்கள். முதுகுவலிக்குக் குனியும் விதத்தைக் கற்பிப்பதைவிட கருவியை மாற்றுவது மேல்: கலிபோர்னியாவில் 1975-ல் குட்டைக் கைப்பிடி மண்வெட்டியைத் தடை செய்தார்கள்.

ஆள் எத்தனை வேண்டும் என்பதும் வரும். 200 பேரில் 10 சதவீதத்துக்குப் பாதிப்பு என்றால், உண்மையான அளவு தோராயமாக 6 முதல் 14 சதவீதத்துக்குள் என்று சொல்லலாம். ஆனால் 20 பேர் கொண்ட பத்துக் குழுக்களாக எடுத்தால், ஒரே குழுவினர் ஒரே வெயிலில் ஒரே மேஸ்திரியின் கீழ் இருப்பதால் ஒருவர்போல ஒருவர் இருப்பார்கள். அந்த ஒற்றுமை, பூஜ்யம் முதல் ஒன்று வரையான அளவுகோலில், 0.05 அளவு இருந்தாலே 200 பேர் நூறு பேர் மதிப்புக்கு இறங்கிவிடுவார்கள். ஆகவே குழுவுக்கு ஆளைக் குறைத்து, குழுக்களைக் கூட்டுங்கள்.

ரத்தம் எடுக்கும்போதும் கேள்வி கேட்கும்போதும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கக் கூடாது. ஆய்வுக்குச் செலவான நேரத்துக்கு அன்றைய கூலிக் கணக்கில் ஈடு கொடுங்கள். தனி ஆளின் முடிவு பண்ணைக்குப் போகக் கூடாது. 12 பேர் குழுவில் "45 வயதுப் பெண் ஒருவர்" என்று அட்டவணையில் போட்டால் பெயரைப் போட்டதாகவே அர்த்தம். பரிசோதனை முடிவை அவர்கள் கிளம்பும் முன், அவர்கள் மொழியில், தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது பருவம் முடிந்த பிறகான வேலைக்கு வைத்துவிடுங்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல மூன்று மாதமாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தே இருக்க வேண்டும், அதைச் சொந்த ஊரில்தான் பார்க்க முடியும். அதற்காக முதல் நாளே ஒவ்வொருவரிடமும் இரண்டு போன் எண் வாங்குங்கள்: ஒன்று அவருடையது, இன்னொன்று ஊரைவிட்டு எங்கும் போகாத ஒருவருடையது. அம்மா, மளிகைக்கடைக்காரர், வாத்தியார், யாராகவும் இருக்கலாம். முதல் எண் பருவம் முடிந்ததும் மாறிவிடும்.